பெட்ரோல் டைனோசரிலிருந்தா வருகிறது?

கேள்வி: சிங்கப்பூரின் வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்த என் மகள் இப்படிக் கேட்டாள். என்ன சொல்வது?

மறுமொழி: டைனோசருக்குத் தொடர்பில்லை, ஐயா. கடலில் மிதந்த நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் மடிந்து, உயிர்வளி குறைந்த அடிச்சேற்றில் முழுதும் மக்காமல் புதைந்து, மேலே படிந்த வண்டலின் அழுத்தத்தில் கெரோஜன் என்னும் மெழுகு போன்ற பொருளாகி, ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்த பிறகே எண்ணெயாகின்றன. வெப்பம் அதற்கும் மிகுந்தால் எரிவாயுதான் கிடைக்கும்.

மறுமொழி: நம் மண்ணில் ஒரு சொட்டும் ஊறுவதில்லை; ஆயினும் 1961இல் புக்கோமில் முதல் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. எண்ணெய் வண்டிக்கு மட்டுமா? காப்பிக்கடையில் சூடான கோப்பியைக் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையும், அதைத் தூக்கிப் பிடிக்கும் கயிறும்கூட அதிலிருந்து வந்தவையே.

கேட்டவர்: மிக்க நன்றி. அந்தப் பையைக் காட்டியே விளக்குகிறேன்.