மேட்டூர் ஏரி இல்லாத டோப்போ ஷீட்

பழைய வரைபடம் பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லச் சொன்னீர்கள். என்னுடையது இது.

நண்பர் ஒருவர் மேட்டூர்ப் பக்கத்து டோப்போ ஷீட்டின் (மேடு பள்ளம், ஆறு, ஊர் எல்லாம் காட்டும் நில அளவை வரைபடம்) நகலைக் கொடுத்தார். 1934-இல் அணை முடிவதற்கு முன் அளந்தது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். நீலமாகப் பரந்து கிடக்க வேண்டிய ஏரியைக் காணோம். அந்த இடத்தில் காவிரி ஒல்லியாகப் போகிறது. இரு கரையிலும் மஞ்சளாக வயல்கள், கிணறுகள், ஊர்கள். தொப்பையாறு நேராக வந்து காவிரியில் விழுகிறது.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) பிறந்த ஊர் அணைத் தண்ணீரில் போனது. தேடிப் பார்த்தேன், சிக்கவில்லை. பெயரெல்லாம் ஆங்கிலத்தில், வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. கடைசியில் ஒவ்வொன்றாக அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். ஏழெட்டுப் பெயர் தாண்டியதும் "அதையே இன்னொருக்கா சொல்லு" என்றார். நாலைந்து சிறு கட்டங்கள், பக்கத்தில் ஒரு கோயில் குறி. அவ்வளவுதான் ஊர்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். அணை நிரம்பினால் நீர் நிற்பது கடல்மட்டத்திலிருந்து 790 அடியில். (நாம் சொல்லும் 120 அடி அணையில் நிற்கும் நீரின் கணக்கு.) படத்தில் சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) 50 அடிக்கு ஒன்று. 800-ஆம் கோட்டைப் பென்சிலால் பிடித்துக்கொண்டே போனேன். பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே இரு பக்கக் கோடுகளும் நெருங்கி வருகின்றன, அணை அங்கேதான். அதற்கு வடக்கே போகப் போக இன்றைய ஏரி அப்படியே வந்துவிட்டது, 10 அடி கூடுதல் என்பதால் கொஞ்சம் குண்டாக. அம்மாயி ஊர் கோட்டுக்கு வெகு உள்ளே. தண்ணீர் வற்றினால், ஏரிக்குள் மூழ்கிய பண்ணவாடி கோயில் நந்தியாவது தலைகாட்டும். இந்த ஊர் வெளியே வந்ததாக வீட்டில் யாரும் சொன்னதில்லை.

---

அண்ணா, எனக்கு இதே கதை பவானிசாகரில். அங்கே அணை முடிந்த 1955-க்கு முந்தைய படத்தில் மோயாறு பவானியோடு கூடுகிற முனை பளிச்சென்று தெரியும். பிறகு அணைத் தண்ணீரில் மூழ்கிய டணாய்க்கன்கோட்டையும் அதில் இருந்தது. அணை நன்றாக இறங்கிய ஒரு கோடையில் அங்கே மாதவராயப் பெருமாள் கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்தேன். படத்தைக் கையோடு எடுத்துப் போகாமல் விட்டேனே என்று இன்னும் வருத்தம்.

ஒன்று கேட்கணும். உங்கள் அம்மாயி ஊர்க் கோயில் சாமி?

---

சாமியை மாட்டுவண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அம்மாயி சொல்வார். வண்டியின் பின்னாலேயே நடந்து வந்தாராம், ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு.