மாஷிகூலி: தமிழில் என்ன சொல்லலாம்? (ராம்ப்யூர் செங்கல் கோட்டை)

குழுவினருக்கு வணக்கம்.

வட பிரான்சில், பிக்கார்டியில் இருக்கும் ராம்ப்யூர் கோட்டை பற்றிய கட்டுரையில் ஒரு சொல் முட்டுகிறது. மதில் உச்சியில், சுவர் முகத்தைவிட்டு வெளியே துருத்தி நிற்கும் நடைவழி; அதன் தளத்தில், தாங்குகற்களுக்கு நடுவே வரிசையாகத் திறப்புகள். மதிலடியை எட்டிவிட்ட பகைவர்மேல் அவற்றின் வழியே நேர்கீழாகக் கல் போடலாம். பிரெஞ்சில் இதுதான் மாஷிகூலி. 'ஞாயில்' என்று எழுதலாமா?

கட்டடத்தின் பின்னணி: 1412-ல் தாவீத் தெ ராம்ப்யூர் தொடங்கினார். அவர் பிரெஞ்சு அரசின் குறுக்குவில் படைத் தலைவர். 1415-ல் அஜின்கூர் போரில் மாண்டார், வேலை நின்றது. அவர் வழியினர் 1470 வாக்கில்தான் முடித்தார்கள். நான்கு மூலையிலும் வட்டக் கோபுரம், அவற்றுக்கு இடையே அரைவட்டக் கோபுரங்கள். பீரங்கிக் குண்டு செங்குத்தாக வந்து தாக்க நேர்ச்சுவரே கிடைக்காது. சுவர்ப் பருமன் இடத்துக்கு இடம் 3 முதல் 7 மீட்டர்.

---

> 'ஞாயில்' என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா. சிலப்பதிகார அடைக்கலக் காதையின் மதிற்பொறிப் பட்டியலில் புழை (துளை), ஞாயில் இரண்டும் தனித்தனியே வருகின்றன. ஞாயிலுக்குப் பழைய உரை தரும் பொருள், அம்பு எய்துவிட்டு வீரன் மறைந்துகொள்ளும் சூட்டு. மதில் உச்சியில் பல்வரிசை போல நிற்கும் சுவர்த்துண்டுக்கு அது அப்படியே பொருந்தும். ராம்ப்யூர் கட்டுரைக்கு அந்தச் சொல்லும் தேவைப்படலாம். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன எழுதுவீர்கள்?

என் பரிந்துரை 'வீழ்புழை'. புழை பழஞ்சொல், பொருளும் தெளிவு.

---

'புழை' சரி. 'வீழ்' இடிக்கிறது: ஆள் தவறி விழும் குழி என்றே படிப்பவர் நினைப்பார். 'எறிபுழை' என்றால் பக்கவாட்டில் எறிவதும் அடங்கிவிடும். அம்பு எய்யும் துளையான ஏப்புழையோடு குழப்பம் வரும். 'சொரிபுழை' எப்படி? சொரிதல் மேலிருந்து கீழே மட்டும்தான். கல்லுக்கும் மணலுக்கும் கொதிநீருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். வினைத்தொகை என்பதால் ஒற்றும் மிகாது.

கட்டுமானப் பக்கத்திலிருந்தும் ஒன்று. துளைக்கு ஒரு சொல், அதைத் தாங்கும் கல்லுக்கு ஒரு சொல், மேலே உள்ள நடைவழிக்கு ஒரு சொல் வேண்டும்; மூன்றும் மூன்று வேலை. செங்கல் கோட்டையில் இந்தப் பிரிவு இன்னும் முக்கியம். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒரு வரிசைக்குக் கால் செங்கல் அளவு வெளியே தள்ளிக் கட்டலாம். அதற்குமேல் தள்ளினால் முனை பெயரும். அதனால் சுவர் செங்கலாக இருந்தாலும் தாங்குகற்கள் கல்லே. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் கீழதைவிடச் சற்று நீண்டு நிற்கும். ஒவ்வொரு கல்லின் வாலும் (பின்முனையும்) சுவருக்குள் ஆழமாகப் போயிருக்க வேண்டும். வாலின்மேல் ஏறியிருக்கும் சுவர்ப் பாரம்தான் கல்லைக் கவிழாமல் பிடிக்கிறது. மேற்சுவர் இடிந்த கோட்டைகளில் தாங்குகற்கள் தாமே சரிவது இதனால்தான்.

அடுத்த ஆபத்து நீர். தாங்குகல்லின் மேல்முகத்தில் மழைநீர் தேங்கும். குளிரில் உறைந்து விரியும். மென்சுண்ணக்கல்லாக இருந்தால் செதில் செதிலாக உரியும். இணைப்பைச் சிமென்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையும் செங்கல்லையும் தின்னும். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும்.

---

'சொரிபுழை' ஏற்கத் தக்கது. ஆனால் தென் பிரான்சின் அவினியோன் நகரில் உள்ள போப் அரண்மனையையும் பாருங்கள். அங்கே தாங்குகல் வரிசை இல்லாத இடங்களில் உதைசுவர்களுக்கு இடையே பெரிய வளைவு போட்டு, வளைவுக்கும் சுவருக்கும் நடுவே நீளப் பிளவு விட்டிருக்கிறார்கள். அதுவும் மாஷிகூலிதான். அதனால் விளக்கத்தில் 'தாங்குகற்களுக்கு நடுவே' என்று கட்டிப்போட வேண்டாம்.

வாயில் நடையின் கூரையில் இருக்கும் துளையையும் இதே சொல்லால் குறிக்கக் கூடாது. அது உள்ளே நுழைந்துவிட்டவனுக்கு, இது வெளியே நிற்பவனுக்கு. அதைக் 'கூரைப்புழை' என்று வைக்கலாம்.

---

நன்றி. கட்டுரையில் இப்படி எழுதுகிறேன்:

சொரிபுழை: மதில் அல்லது கோபுர உச்சியில், சுவர் முகத்துக்கு வெளியே, கீழ்நோக்கித் திறக்கும் புழை.
தாங்குகல்: அதன் இரு மருங்கும் நடைவழியைச் சுமக்கும் பிதுங்கு கல்.
சொரிபுழை நடை: மேலே உள்ள வழி.
மரப்பரண்: கல்லில் கட்டும் வழக்கம் வருமுன் அதே வேலைக்கு முற்றுகையின்போது மாட்டிய மரக்கட்டு. தீப்பிடிக்கும் என்பதே அதன் குறை.

பீரங்கி வலுத்தபின் துருத்திய நடைவழி முதல் அடியிலேயே பெயர்ந்தது. ஆனாலும் குடிப்பெருமைக்காகப் புழையே இல்லாமல் தாங்குகல் வரிசையை மட்டும் கட்டினார்கள். அதற்குப் 'பொய்ச் சொரிபுழை' என்பதா, 'அணி வரிசை' என்பதா? புழை இல்லாததைப் புழை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.