பிராய்லர் தீவனம்: ‘மெட்டபாலைசபிள் எனர்ஜி’க்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

தீவனக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் ஒரே சொல்லில் நிற்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவுகளின்படி பிராய்லர் குஞ்சின் முதல்கட்டத் தீவனமான பிரீ-ஸ்டார்டருக்குக் கிலோவுக்கு 3000 கிலோகலோரி, அடுத்த கட்டமான ஸ்டார்டருக்கு 3100, கடைசிக் கட்டமான ஃபினிஷருக்கு 3200. மூன்றும் ‘மெட்டபாலைசபிள் எனர்ஜி’, அதாவது தீவனத்தில் உடல் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஆற்றலின் கணக்கு. ‘வளர்சிதை மாற்ற ஆற்றல்’ என்று எழுதினால் வளர்சிதை மாற்றத்தில் செலவாகிப்போன ஆற்றல் என்றுதான் படிப்பார்கள். உடல் கொள்ளும் ஆற்றல் என்ற பொருளில் ‘கொள்ளாற்றல்’ என்று வைக்கலாமா?

*

> ‘கொள்ளாற்றல்’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. காதில் அது ‘கொள்ளா ஆற்றல்’ என்று விழும், பொருள் நேரெதிராகிவிடும்.

அளக்கும் முறையிலேயே சொல் இருக்கிறது. மக்காச்சோளத்தை பாம் கலோரிமீட்டரில் (எரித்து வெப்பத்தை அளக்கும் மூடிய கலம்) எரித்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 3900 கிலோகலோரி. இது மொத்த ஆற்றல். அதைத் தின்ற கோழியின் எச்சத்தைத் திரட்டி, உலர்த்தி, அதையும் எரித்துப் பார்த்துக் கழித்தால் 3350 அளவில் நிற்கும். மலமும் சிறுநீரும் ஒரே வாயில் வழியாகக் கலந்து வருவதால், கோழிக்குச் செரிம ஆற்றலை (மலத்தை மட்டும் கழித்த கணக்கு) தனியே பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால்தான் கோழித் தீவனக் கணக்கு இந்த இரண்டாம் எண்ணில் நடக்கிறது. ‘எச்சம்போக ஆற்றல்’ என்று சொன்னாலே செய்முறை விளங்கிவிடும்.

*

‘போக’ நல்ல பிடி. ‘எச்சம்’தான் இடிக்கிறது. மிச்சம் என்ற பொருளும் அதற்கு உண்டு. மிஞ்சியதுபோக என்று குழம்புவார்கள். தவிர, மாட்டுக்கு இதே ஆற்றலைக் கணக்கிடச் சாணம், சிறுநீர், மீத்தேன் மூன்றையும் கழிக்க வேண்டும். சாணத்தை எச்சம் என்பாரில்லை. ‘கழிவுபோக ஆற்றல்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். சந்தையில் எடை போட்டுக் கழிவு தள்ளுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இலங்கையில் வளர்சிதை மாற்றத்தை அனுசேபம் என்றும் ஆற்றலைச் சக்தி என்றும் எழுதுகிறார்கள். ‘கழிவுபோக சக்தி’ அங்கும் செல்லும்.

முன்னொட்டு ஒன்றையும் இப்போதே முடிவு செய்வது நல்லது: நைட்ரஜன் திருத்தம். வளரும் குஞ்சு புரதத்தை உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்த நைட்ரஜன் எச்சத்துக்கு வராததால் ஆற்றல் கூடுதலாகத் தெரியும். தேங்கிய நைட்ரஜன் ஒவ்வொரு கிராமுக்கும் 8.22 கிலோகலோரி கழிப்பார்கள். 100 கிராம் தீவனத்தில் 304 கிலோகலோரி கிடைத்து 2.1 கிராம் நைட்ரஜன் தேங்கினால், 17 போய் 287. கிலோவுக்கு 3040 எங்கே, 2870 எங்கே! திருத்திய பட்டியலின் மக்காச்சோளத்தையும் திருத்தாத பட்டியலின் சோயாப் புண்ணாக்கையும் கலந்து கணக்குப் போட்டால் வரும் கோளாறு இதுதான். ‘நைட்ரஜன் திருத்திய கழிவுபோக ஆற்றல்’ என்று, நீளமானாலும் முழுதாக எழுதுவோம்.

*

கழிவுபோக ஆற்றலுக்கு என் ஒப்புதல். ஆனால் வரைவில் ‘எனர்ஜி லெவல்’ என்பதற்கு ‘ஆற்றல் மட்டம்’ என்று இருக்கிறதே? அது இயற்பியலில் எலக்ட்ரானுக்குப் போன சொல். இங்கே பேச்சு ஒரு கிலோவில் எவ்வளவு என்பது. ‘ஆற்றல் அடர்வு’ என்க.

மட்டத்தை உயர்த்து என்றால் ஊற்று என்றுதான் கேட்கும். ஸ்டார்டர் தீவனம் 100 கிலோ, புரதம் 22 சதவீதம், ஆற்றல் 3100 என்று கொள்வோம். அதன் தலையில் 3 கிலோ எண்ணெய் ஊற்றினால் (எண்ணெய்க்குக் கிலோவுக்கு 8800) ஆற்றல் 3266 ஆகும், புரதம் 21.4க்கு இறங்கும். கலோரி-புரத விகிதம் (ஆற்றலைப் புரதச் சதவீதத்தால் வகுத்தது) 141இலிருந்து 153. அடர்வு கூடியதும் கோழி தீவனத்தைக் குறைத்துத் தின்னும். அதோடு லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களும் சேர்ந்தே குறையும். தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தின்ற தீவனம்) தாளில் அழகாக இருக்கும். நெஞ்சுக்கறி குறைந்து வயிற்றுக் கொழுப்பு ஏறியிருக்கும். மறுபக்கம், அடர்வு குறைந்தால் கூடுதலாகத் தின்று ஈடுகட்டும் என்பதும் ஓரளவுக்கே. தூள் தீவனமாக இருந்தால் இரைப்பை நிறைந்துவிடும், ஆற்றல் போதாது, எடை பின்தங்கும்.

ஆகவே வரையறையில் ஒரு வரி சேர்க்கவும்: ‘அடர்வை மாற்றும்போது புரதத்தையும் அமினோ அமிலங்களையும் அதே விகிதத்தில் மாற்றிக் கலவையை மறுபடி கணக்கிடுக.’ எண்ணெயை மக்காச்சோளத்துக்கு மாற்றாகச் சேர்த்தால் 1 சதவீதத்துக்கு ஏறத்தாழ 55 கிலோகலோரி ஏறும் என்பதையும் அடைப்பில் போடலாம்.