அபார்த் புன்டோ: காலைல ரெண்டாவது கியர் மல்லுக்கட்டுது, கியர் பாக்ஸ் ஆயில் மாத்தலாமுங்களா?

ஈரோட்டுத் தேளு

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2016 மாடல் அபார்த் புன்டோ, 1.4 டி-ஜெட் டர்போ பெட்ரோல் என்ஜின், 145 குதிரை. செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, 70 ஆயிரம் கிலோமீட்டர தாண்டிருச்சு. காலைல ஊட்டுல இருந்து எடுத்து பெருந்துறை ரோடு புடிக்கறவரைக்கும் ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு போடறப்ப லீவர் ஒரு எடத்துல முட்டி நிக்குது, சித்த அழுத்திப் புடிச்சாத்தான் உள்ள போகுது, வண்டி சூடாயிட்டா அப்பிடி ஒண்ணு இருந்ததே தெரியாது. முன்னாடி வெச்சிருந்தவரு கியர் பாக்ஸ் ஆயில் மாத்துனதுக்கு பில்லு எதுவும் இல்லீங்க. சர்வீஸ்ல கேட்டா அது ஆயுசுக்கும் வரும், தொடாதீங்கங்கறாங்க. ஃபியட்டே இந்தியாவ உட்டுப் போயிருச்சு, இவங்க ஆயுசப் பத்தி பேசறாங்க. மாத்துனா ஸ்மூத் ஆகுமுங்களா? எந்த ஆயில் ஊத்தோணும்?

சங்ககிரி லோடு

தம்பி, சூடானா சரியாயிருதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்பறம் எதுக்கு ஓணான எடுத்து மடியில உட்டுக்கறீங்க. எங்கூட்டு லாரில ஒழுக்கு இருந்தா டாப் அப் பண்ணுவோம், கியர் பெட்டி பாட்டுக்கு ஓடும். மாத்தியே ஆகோணும்னா நல்ல கெட்டியா 90 நம்பர் ஊத்துங்க, அதுலயும் டப்பால கியர் ஆயில் ரகத்துக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு போட்டிருப்பான், ஜிஎல்-5 பாத்து வாங்குங்க, 4ஐ விட 5 எச்சு தானுங்களே. லாரி பின் அச்சுல சக்கரத்த சுத்தற கிரவுன் பல்லுக்கே தாங்கற ஆயில் உங்க குட்டி பெட்டிக்கு தாங்காதா என்ன. கம்பெனி சொல்ற 75டபிள்யூ-85ல 75ங்கறது பனி பெய்யற ஊருக்கு, நம்மூரு வெயிலுக்கு தண்ணியாட்ட ஓடிரும்.

பல்லடம் பட்டறை

அண்ணா கோவிச்சுக்காதீங்க, ஆனா இந்த 4ஐ விட 5 எச்சுங்கற பேச்சக் கேட்டு வீணாப்போன பித்தளை ரிங்க நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன். ஜிஎல்-5ல அழுத்தம் தாங்கறதுக்குன்னு போடற கந்தகம், பாஸ்பரஸ் சமாச்சாரம் ஜிஎல்-4ல இருக்கறதைவிட ஏறக்குறைய ரெண்டு பங்கு. அது எதுக்குன்னா உங்க லாரி கிரவுன்ல பல்லும் பல்லும் நேரா உருளாம வழுக்கிக்கிட்டே தேய்க்கும், ஹைப்பாய்டுன்னு சொல்லுவாங்க, அந்த எடத்துல அந்த மருந்து இல்லீன்னா பல்லு நிக்காது. புன்டோ முன் சக்கரம் இழுக்கற வண்டி, ரெண்டு சக்கரத்துக்கும் இழுவைய பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸோட ஒட்டுக்கா ஒரே பெட்டிக்குள்ள, அங்க இருக்கறது சாதா சாய்வுப் பல்லு, ஹெலிக்கல். அதுக்கு ஜிஎல்-4 போதுமுங்க. பின்னாடி சக்கரம் இழுக்கற ஸ்போர்ட்ஸ் காரா இருந்தா பெட்டிக்கு ஒண்ணு, கிரவுனுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஊத்தலாம், இதுல அந்த பேச்சே இல்ல.

இன்னொண்ணு. கியர் விழறது எப்பிடின்னா, சின்க்ரோ ரிங்கு போயி கியரோட கூம்புல உரசி ரெண்டு வேகத்தயும் ஒண்ணாக்கும், அது ஒரு குட்டி பிரேக்கு தான். பிரேக் ஷூல கிரீஸ் தடவுனா எப்பிடி புடிக்கும்? ஆயில் பல்ல காப்பாத்தவும் வேணும், ரிங்கு உரசறப்ப வழி உட்டு வெலகவும் வேணும். அதுக்குத்தான் ரிங்குக்கு உள்பக்கம் மரை மாதிரி பொடிப்பொடியா வரி வெட்டிருப்பாங்க, ஆயில வழிச்சுத் தள்றதுக்கு. காலைல ஆயில் கெட்டியா இருந்தா சட்டுனு வழியாது, ரிங்கு புடிக்க நேரமாகும், அதுவரைக்கும் லீவர உள்ள உடாது. தம்பிக்கு முட்டறது அந்த எடத்துலதானுங்க.

செட்டிபாளையம் ட்ராக்

ப்ரோ பேசாம ஃபுல் சிந்தடிக் ஈஸ்டர் பேஸ் 75டபிள்யூ-90 ஊத்துங்க மோட்டுல் கியர் 300 மாதிரி, பாட்டில்லயே ஜிஎல்-4, ஜிஎல்-5 ரெண்டும் போட்டிருக்கும் சண்டையே வேண்டாம். அண்ணன் சொல்ற பித்தளை அரிக்கற கதை பழைய ஜிஎல்-5க்கு, அப்ப இருந்த கந்தகம் சூட்டுல பித்தளைய கறுப்பாக்குச்சு, இப்ப வர்றதுல அதை அடக்கித்தான் வெக்கறாங்க. நான் கோயமுத்தூரு கரி ரேஸ் ட்ராக் பக்கத்துலயே குடியிருக்கேன், ஃபார்முலா எல்ஜிபி ரேஸ் கார் ஓட்டற பசங்க கியர் பாக்ஸ் ஆயில என்ஜின் ஆயில் மாதிரி அடிக்கடி மாத்துவாங்க, அவங்களுக்கு தெரியாததா. 2003ல ட்ராக் தொறந்ததுல இருந்து எங்க ஏரியால டீக்கடைல கூட இதத்தான் பேசுவாங்க.

பொள்ளாச்சி கணக்கு

டீக்கடைல பேசறது இருக்கட்டும். ரேஸ் வண்டில ஆயில் மாத்தறது அவன் முழு த்ராட்டில்ல ரெட்லைன்ல கியர் அடிக்கறதால, தேளு தம்பி பெருந்துறை ரோட்டுல பஸ்ஸுக்கு பின்னாடி போறாரு. எல்லாரும் ஆயில்லயே நிக்கறீங்க, கிளட்ச யாராச்சும் கேட்டீங்களா? என்ஜின ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. ஆஃப்ல வெண்ணெயாட்ட விழுந்து, ஓடறப்ப மட்டும் எல்லா கியரும் முட்டி, ரிவர்ஸ் கர்ருன்னு கத்துச்சுன்னா கிளட்ச் முழுசா உடுபடல, ஃப்ளூயிட்ல காத்து இருக்கும் இல்லீன்னா சிலிண்டர் ஒழுகும். அதுக்கு ஆயிரக்கணக்குல ஆயில் வாங்கி ஊத்தி "ஆஹா ஸ்மூத்"துங்கறது மனப்பிராந்தி. செலவு பண்ணவனுக்கு எல்லாமே ஸ்மூத்தாத்தான் இருக்கும்.

ஈரோட்டுத் தேளு

பொள்ளாச்சி அண்ணா, போட்டுப் பாத்துட்டனுங்க. ஆஃப்ல எல்லாம் சுளுவா விழுது. ஓடறப்பவும் ரிவர்ஸ் கத்தல, மூணு நாலு அஞ்சு பிரச்சினையே இல்ல. ரெண்டு மட்டும், அதுவும் ஆறுன வண்டில மட்டும். லீவர் லூசா ஆடல, கேபிளும் பாத்தாச்சு.

பொள்ளாச்சி கணக்கு

அப்ப கிளட்ச் இல்ல. ரெண்டாவது சின்க்ரோ தேஞ்சிருக்கோணும், டவுன்லயே ஓடற வண்டில அதிகமா அடி வாங்கறது அந்த ரிங்கு. தேஞ்ச பித்தளைய எந்த ஆயிலும் வளத்தாது.

பல்லடம் பட்டறை

வளத்தாது, ஒத்துக்கறேன். ஆனா தேஞ்ச ரிங்கா இருந்தா சூடானப்பறமும் கர்ருங்கும், வேகமா இறக்கிப் போட்டா பல்லு கத்தும். இது ஆறுனப்ப மட்டும் முட்டுது. பெட்டிய எறக்கறதுக்கு முன்னாடி ஆயில மாத்திப் பாக்கறதுல என்ன நட்டம், ரெண்டு லிட்டருக்குள்ளதான் புடிக்கும். அதுவும் முன்னாடி வெச்சிருந்தவரு எங்கயாச்சும் பட்டறைல 90 நம்பர ஊத்தி வெச்சிருந்தா? அது தெரியாம ரிங்கு மேல பழி போடறது நாயமில்லீங்க.

கோபி மைனா

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, சங்ககிரி அண்ணா 75 தண்ணின்னு சொன்னதுக்கு பதிலு யாரும் சொல்லல. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிருக்கு, பின்னாடி இருக்கறதுதான் சூட்டுக்கு. ஃபியட் புக்குல இருக்கறது 75டபிள்யூ-85 ஜிஎல்-4, டுட்டெலா டெக்னிக்ஸ்னு பேரு. இதுல 85ங்கறது 100 டிகிரில 11ல இருந்து 13.5 சென்டிஸ்டோக்ஸ், ஆயில் எவ்வளவு கெட்டிங்கற அளவு அது. என்ஜின் ஆயில்ல 30 நம்பருக்கு 9.3ல இருந்து 12.5, 40 நம்பருக்கு 12.5ல இருந்து 16.3. கியர் ஆயில் நம்பரும் என்ஜின் ஆயில் நம்பரும் வேற வேற கணக்கு, 85ன்னு பாத்து தார் மாதிரி நெனைக்கவும் வேண்டாம், 75ன்னு பாத்து தண்ணின்னு நெனைக்கவும் வேண்டாம். வெயிலடிச்சா அது நிக்கும்.

நம்ம பிரச்சினை காலைலதான். சாதா 80டபிள்யூ-90 மினரல் ஆயில் டேட்டா ஷீட்ட எடுத்துப் பாத்தா 40 டிகிரில 130, 140ன்னு இருக்கும். சிந்தடிக் 75டபிள்யூ-85ல அதுல பாதிய ஒட்டித்தான் இருக்கும். மார்கழில ஈரோட்டுல காலைல 20 டிகிரின்னு வெச்சாலும் இந்த வித்தியாசம் இன்னும் பெருசாகும். நம்மூருல குளிர் இல்லீங்கறது சரி, பெட்டிக்கு 20 டிகிரியே குளிர்தானுங்க.

செட்டிபாளையம் தம்பி, நீங்க சொல்ற 75டபிள்யூ-90 மோசமில்ல, ஆனா கேட்டதைவிட ஒரு படி கெட்டி, ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு ரெண்டும் போட்ட பாட்டில்ல மருந்து அளவு ஜிஎல்-5 கணக்குலதான் இருக்கும். அரிக்காதுன்னே வெச்சுக்குவோம், வழுக்கறது வழுக்கும்ல? ரெட் லைன் எம்டி-85 கெடச்சா அது நேரா 75டபிள்யூ-85 ஜிஎல்-4. வெலை கொஞ்சம் கடிக்கும்.

சங்ககிரி லோடு

அம்மிணி புள்ளி விவரமெல்லாம் சரிங்க. ஆனா அம்பாசடர்ல இருந்து இன்னிக்கு ரிக் வண்டி வரைக்கும் நாங்க 90 ஊத்தித்தான் ஓட்டிருக்கறம், எந்த டிரைவரும் செகண்ட் கியர் முட்டுதுன்னு அழுவல.

பொள்ளாச்சி கணக்கு

உங்க டிரைவரு ரெண்டு தடவ கிளட்ச் மிதிச்சு கியர் போடறாரு, அதனால அழுவல.

கோபி மைனா

😄 தேளு, நீங்களே மாத்தறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு. மொதல்ல மேல இருக்கற ஃபில்லர் போல்ட்ட கழட்டுங்க, அது வந்ததுக்கு அப்பறம்தான் கீழ ட்ரெயின் போல்ட்டுல கை வெக்கோணும். ஆயில எல்லாம் எறக்கிட்டு ஃபில்லர் போல்ட்டு துரு புடிச்சு ஆலன் கீ வழுக்குச்சுன்னா வண்டி அங்கயே நிக்கும், டோ பண்ணித்தான் கொண்டு போகோணும். வண்டி சித்த நேரம் ஓடி கதகதன்னு இருக்கறப்ப எறக்குங்க. நாலு பக்கமும் ஸ்டாண்டு வெச்சு மட்டமா நிறுத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க. லெவல் பாக்கறது வண்டி சாஞ்சிருந்தா தப்பாயிரும். பெட்டி அலுமினியம், போல்ட்ட வீராப்புக்கு இறுக்கக்கூடாது.

ஈரோட்டுத் தேளு

ஞாயித்துக்கெழம பல்லடம் அண்ணன் பட்டறைலயே வெச்சு மாத்தியாச்சுங்க. கீழ எறங்குன ஆயிலப் பாத்து அண்ணனே சிரிச்சுட்டாரு. வெயில்ல தட்ட சாய்ச்சா பொன் துகளாட்ட மினுமினுன்னு ஓடுது, அழுகுன முட்டை வாசம், தொட்டா தேனாட்ட இழுக்குது. கம்பெனி ஆயில் இப்பிடி இருக்காது, யாரோ 90 ஊத்திருக்காங்கன்னாரு. பல்லுத் துண்டு எதுவும் வரல, மெல்லிசு தூளு மட்டும்தான். 75டபிள்யூ-85 ஜிஎல்-4 ஊத்தி ஃபில்லர் ஓட்டைல இருந்து வழியறவரைக்கும் உட்டு மூடியாச்சு.

இன்னிக்கு காலைல ரெண்டு விழுந்துச்சுங்க, அழுத்தாம. மூணுல இருந்து ரெண்டுக்கு அவசரமா இறக்குனா மட்டும் லேசா ஒரு கிர்ருங்குது, அது முன்னாடியும் இருந்துச்சான்னு நான் கவனிக்கல.

பொள்ளாச்சி கணக்கு

அந்த கிர்ரு தான் நான் சொன்ன ரிங்கு.

பல்லடம் பட்டறை

லேசா தேஞ்சிருக்குது, இல்லீங்கல. இப்ப பெட்டிய எறக்குனா சின்க்ரோ ரிங்கு தேடி டெல்லிக்கும் இத்தாலிக்கும் அலையோணும், அதுக்கு அவசரமில்ல. இறக்கறப்ப த்ராட்டில் ஒரு தட்டு தட்டி என்ஜின் வேகத்த ஏத்திட்டு போட்டா ரிங்குக்கு வேலை கம்மி. திம்பம் மலை ரோட்டுல ஏறுனா 27 வளைவுலயும் பழகிரும்.

செட்டிபாளையம் ட்ராக்

அதுக்குள்ள ஒரு பாட்டில் மாலிப்டினம் அடிட்டிவ் ஊத்துனா அந்த கிர்ரும் போயிரும் ப்ரோ

கோபி மைனா

சாமி, வழுக்கறதக் கம்மி பண்ணத்தானே இத்தன ஓரியாட்டம். ஊத்தாதீங்க தேளு.

சங்ககிரி லோடு

எறக்குன 90ஐ என்ன பண்ணீங்க தம்பி? சாக்கடைல கொட்டிராதீங்க. பாட்டில்ல அடைச்சு வெச்சா பழைய ஆயில் எடுக்கறவங்க வர்றப்ப எடுத்துக்குவாங்க, இல்லீன்னா நம்ம ஷெட்டுக்கு குடுத்து உடுங்க, கதவு கீலுக்கும் செயினுக்கும் தடவிக்கறோம். அது ஒண்ணும் கெட்ட ஆயில் இல்லீங்க.