செஸ்ஸில் லண்டனை விட்டு இ4-க்கு மாறலாமா? 1450 ரேட்டிங்கிலேயே நிற்கிறேன்

கறுப்புக்குதிரை:
ராபிட் (குறுகிய நேர) செஸ் ஆட்டத்தில் எட்டு மாதமாக 1450 ரேட்டிங்கைத் தாண்ட முடியவில்லை. வெள்ளையில் லண்டன் ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க அமைப்பு) மட்டும்தான். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்று எதிரி எதை ஆடினாலும் ஒரே அமைப்பு. கறுப்பில் இ4-க்கு எதிராக சிசிலியன் ஓப்பனிங்கின் நைடார்ஃப் வகை. வீடியோ பார்த்து 15 நகர்வு வரை மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனால் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் மூன்றாவது நகர்விலேயே வேறு வழியில் போய்விடுகிறார். இ4-க்கு, அதாவது ராஜாவின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்குவதற்கு, மாறினால் ஆட்டம் வளருமா? அல்லது இன்னும் ஆறு மாதம் வீணாகுமா?

வெள்ளைக்கட்டம்:
மாறுங்கள், தயங்க வேண்டாம். லண்டன் மோசமான ஓப்பனிங் இல்லை. ஆனால் எதிரியின் நகர்வைப் பார்க்காமலே முதல் எட்டு நகர்வை ஆட முடிகிறது என்பதுதான் வளரும் ஆட்டக்காரருக்கு அதில் உள்ள ஆபத்து. பிஷப் சி1-ஐ விட்டு வெளியே வந்ததும் பி2 காவலில்லாமல் நிற்கிறது. கறுப்பு சி5 ஆடி ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால் அங்கேயே யோசிக்க வேண்டும். பழக்கத்தில் கை போகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இத்தாலியன் ஓப்பனிங் ஆடிப் பாருங்கள். இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4. மையம் சீக்கிரம் திறக்கும், ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பத் தாமதித்தால் அடி விழும். ஒவ்வொரு நகர்வும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஆட வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம்தான் உங்களுக்குத் தேவை. கறுப்பிலும் இ4-க்கு இ5 ஆடுங்கள்.

பொறுமைக்காய்:
நான் இதை முழுக்க மறுக்கிறேன். இ4 ஆடினால் இத்தாலியன்தான் வரும் என்று யார் சொன்னது? கறுப்பு பதிலுக்கு ஆடக்கூடிய சிசிலியன், பிரெஞ்சு, கேரோ-கான், ஸ்காண்டிநேவியன் நான்குக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும். வேலையும் படிப்பும் உள்ளவர் அதற்கு எங்கே போவார்?

லண்டன் வளர்ச்சியைத் தடுக்கும் என்றால், 2023 உலக சாம்பியன் போட்டியில் டிங் லிரென் 6-வது ஆட்டத்தில் அதையே ஆடி நெபோம்னியாச்சியை ஏன் வென்றார்? முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷரையும் பாருங்கள். வெள்ளையில் பெரும்பாலும் இ4, அதற்கு எதிராகக் கறுப்பில் நைடார்ஃப், டி4-க்கு கிங்ஸ் இந்தியன். குறைவாக வைத்துக்கொண்டு ஆழமாகப் போனார்.

வெள்ளைக்கட்டம்:
ஃபிஷர் உதாரணம் என் பக்கம்தான் சேரும். அவர் இ4 ஆடியபோது நீங்கள் சொன்ன அந்த நான்கையும் சந்தித்தார், ஒவ்வொன்றிலும் வேறு வகை நிலை. 1972 உலக சாம்பியன் போட்டியில் ஸ்பாஸ்கிக்கு எதிராக 6-வது ஆட்டத்தில் இ4-ஐ விட்டு சி4 என்று தொடங்கி, குயின்ஸ் கேம்பிட் என்ற டி4 வகை ஓப்பனிங்குக்குப் போய் வென்றார். பல வகை நிலைகளைப் புரிந்துவைத்திருந்தவரால்தான் அது முடிந்தது. டிங் லிரென்னும் அப்படியே. எல்லாம் தெரிந்தபின் லண்டனைத் தேர்ந்தெடுப்பது வேறு, வேறெதுவும் தெரியாமல் அதிலேயே இருப்பது வேறு.

பஜில்64:
1450-ல் ஓப்பனிங் பேச்சே வேண்டாம். தினமும் 20 பஜில் போடுங்கள், அப்புறம் எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்). 2024-ல் குகேஷ் பட்டம் வென்ற 14-வது ஆட்டம் எங்கே முடிந்தது? எதிரில் ஆடிய டிங் 55-வது நகர்வில் தவறாக யானையை எஃப்2-வில் வைத்ததில். ஓப்பனிங்கில் இல்லை.

பொறுமைக்காய்:
பஜில் போடட்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் ஆட்டம் என்று உட்கார்ந்தால் முதல் நகர்வாக ஏதோ ஒன்றை ஆடித்தானே ஆக வேண்டும்? கேள்வி அதைப் பற்றியது.

என் யோசனை இது. லண்டனை வைத்துக்கொண்டு நைடார்ஃபைக் கைவிடுங்கள், அந்த இடத்தில் கேரோ-கான் (இ4-க்கு சி6, பிறகு டி5). காரணம் சிப்பாய் அமைப்பு. லண்டனில் கறுப்பு டி4-ல் வெட்டி, நீங்கள் இ சிப்பாயால் திருப்பி வெட்டினால் உங்களுக்கு சி3, டி4 சிப்பாய்கள், கறுப்புக்கு டி5, இ6. கேரோ-கானில் வெள்ளை மூன்றாவது நகர்வில் டி5-ல் வெட்டிவிட்டு சி3 ஆடினாலும் பெரும்பாலும் அதே எலும்புக்கூடுதான் வரும், நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். கறுப்பில் பி5, பி4 என்று தள்ளி சி3-ஐ உடைக்கும் மைனாரிட்டி அட்டாக்கை (குறைந்த சிப்பாய்களால் அதிக சிப்பாய்களைத் தாக்குவது) நீங்களே ஆடிப் பார்த்தால், வெள்ளையில் அது வரும்போது இ5 கட்டத்தில் குதிரையை நிறுத்தி ராஜா பக்கம் ஏன் போக வேண்டும் என்பது தானாகப் புரியும். ஓர் அமைப்பை இரண்டு பக்கமும் கற்கிறீர்கள். டி4-க்கு எதிராக ஸ்லாவ் சேர்த்தால் அங்கேயும் சி6, டி5தான்.

வெள்ளைக்கட்டம்:
இது நல்ல யோசனை, மனதாரச் சொல்கிறேன். கேரோ-கான் பற்றி என் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் வெள்ளையில் இன்னும் உடன்பாடில்லை. மூடிய, பாதி மூடிய நிலைகளையே ஆடிக்கொண்டிருந்தால் காய்கள் திறந்தவெளியில் மோதும்போது என்ன செய்வது என்று எப்போது கற்பார்? இத்தாலியனில் கறுப்பு குதிரை எஃப்6 ஆட, வெள்ளை குதிரையை ஜி5-க்கு அனுப்பினால் எஃப்7 மீது தாக்குதல். கறுப்பு டி5 ஆடி, வெள்ளை வெட்டியபின் குதிரையால் திருப்பி வெட்டாமல் குதிரை ஏ5 ஏன் ஆடுகிறது என்று ஒருமுறை போர்டில் வைத்துத் தேடிப் பார்ப்பது, பத்து வீடியோ பார்ப்பதற்குச் சமம். சிசிலியனுக்கு இப்போதைக்கு சி3, பிரெஞ்சுக்கும் கேரோ-கானுக்கும் எக்ஸ்சேஞ்ச், அதாவது டி5-ல் சிப்பாயை வெட்டி மாற்றிக்கொள்வது. தயாரிப்பு மலை மாதிரி ஆகாது.

கறுப்புக்குதிரை:
எல்லோருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து கடைசியாகத் தோற்ற 30 ஆட்டங்களைப் பார்த்தேன். 12 நகர்வுக்குள் கெட்டுப்போனவை 7, அதில் 5 நைடார்ஃப். லண்டனில் தோற்றவை 14. அவற்றில் பாதிக்கு மேல் நல்ல நிலை கிடைத்தும் 20-வது நகர்வுக்குப் பிறகு எந்தத் திட்டமும் இல்லாமல் யானையை முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நைடார்ஃப் போகிறது, கேரோ-கான் வருகிறது. வெள்ளையில் இத்தாலியனை 40 ஆட்டம் ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பொறுமைக்காய்:
திட்டம் இல்லாமல் நின்றீர்கள் என்றால் அது லண்டனின் குறை இல்லையே. இத்தாலியனிலும் 20-வது நகர்வு வரும். மாறுவதற்கு முன் அந்த 14-ல் ஒன்றை, முழு நகர்வுகளோடு, ஒவ்வொரு நகர்விலும் என்ன நினைத்தீர்கள் என்று எழுதி இங்கே போடுங்கள். யானை அலைந்த இடத்தில் பி4-ஓ, குதிரை இ5-ஓ இருந்ததா என்று பார்ப்போம்.

வெள்ளைக்கட்டம்:
போடுங்கள், நானும் பார்க்கிறேன். கூடவே முதல் இத்தாலியன் ஆட்டத்தையும், ஜெயித்தாலும் தோற்றாலும்.