ஒன்பதாம் தரத்திலேயே ஏ.எல் (உயர்தர) பிரிவை யோசிக்க வேண்டுமா? பாடத்தெரிவுப் படிவம் வந்திருக்கு

கொக்குவில் அம்மா:
வணக்கம். மகள் ஒன்பதாம் தரம். பத்தாம் தரத்துக்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்து, பெற்றோர் கையொப்பத்தோடு திங்கட்கிழமை கொடுக்கச் சொல்லிப் பாடசாலையில் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். அது வீட்டுக்கு வந்ததில் இருந்து ஒரே பட்டிமன்றம்தான். இவர் வணிகமும் கணினிப் பாடமான ஐ.சி.ரியும் எடுக்கட்டும், வேலை கிடைக்கும் என்கிறார். கனடாவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் "பிள்ளையை டொக்டராக்குங்கோ, இப்பவே நல்ல விஞ்ஞான வகுப்பில விடுங்கோ, காசு நான் அனுப்புறன்" என்று குரல்பதிவு போட்டுக்கொண்டே இருக்கிறா. மகளுக்கோ சித்திரம் மட்டும்தான். விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் முழுக்க நல்லூர்த் தேரின் சில்லும் வடமும் வரைந்து வைத்திருக்கிறாள், சில்லின் ஆரக்கால் ஒவ்வொன்றுக்கும் நிழல் வேறு போட்டிருக்கிறாள். போன தவணை கணிதம் 43, விஞ்ஞானம் 61. சித்திரம் எடுத்தால் பிறகு ஏ.எல்லில் வழி அடைபட்டுப் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் வாத்தியார் (ஓய்வு):
தங்கச்சி, முதலில் அந்தப் படிவத்தை எல்லாரும் ஒருமுறை வடிவாக வாசியுங்கள், உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இல்லாத சண்டை. ஓ.எல்லுக்கு, அதாவது சாதாரண தரப் பரீட்சைக்கு, ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், அதில் உங்களுக்குத் தெரிவே இல்லை. மிச்சம் மூன்றுக்கும்தான் மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பாடம். 'வணிகக் கல்வியும் கணக்கீடும்' என்ற ஒரே பாடம் முதலாவது தொகுதியில் இருக்கு, புவியியல், குடியுரிமைக் கல்வியும் அதற்குள்தான். சித்திரம் இரண்டாவதில், சங்கீதம், நடனம், நாடகம், தமிழ் இலக்கிய நயம் இவற்றோடு. ஐ.சி.ரி மூன்றாவதில், விவசாயம், சுகாதாரம், மனைப்பொருளியலோடு. ஆகவே தகப்பன் கேட்கிற இரண்டையும் மகள் கேட்கிற ஒன்றையும் ஒரே படிவத்தில் எழுதலாம், ஒன்றோடொன்று முட்டாது. மச்சாள் கேட்கிற விஞ்ஞானம் எப்படியும் கட்டாயப் பாடம். எல்லாருக்கும் வெற்றி!

வழி அடைபடுமா என்றால், சித்திரத்தால் இல்லை, அந்த 43ஆல் அடைபடலாம். ஏ.எல் படிக்க ஓ.எல்லில் ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் இருக்க வேண்டும், மூன்று பாடத்துக்காவது சி வேண்டும். கணிதப் பிரிவுக்குப் போக கணிதத்தில் சி, உயிரியல் பிரிவுக்கு விஞ்ஞானத்தில் சி. 35 எடுத்தால் எஸ், 50 எடுத்தால்தான் சி. 43 என்றால் பிள்ளை பாஸ்தான், ஆனால் கணிதப் பிரிவு வாசலில் மறிபடும். வணிகத்தை எடுத்துக்கொண்டால், ஓ.எல்லில் அதைத் தொடாமல் ஏ.எல்லில் வணிகப் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ, முதல் தவணை கணக்கீடு கொஞ்சம் இடிக்கும், பிறகு சரியாகிவிடும். கணிதத்தில் இந்தச் சலுகை கிடைக்காது.

ஜேர்மன் ரெக் பெடியன்:
வாத்தியார் சொன்னது சரி, ஆனால் எங்கட ஊரில் எல்லாரும் பயோ, மட்ஸ், அது இல்லாவிட்டால் கொமர்ஸ், அதுவும் இல்லாவிட்டால் ஆர்ட்ஸ் என்று ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், அதற்கு வெளியில் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. 2013இல் தொடங்கின தொழினுட்பப் பிரிவை இன்னும் "புதுசு" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஓ.எல் சரிவராவிட்டாலும் 13 வருடக் கல்வித் திட்டத்தில் தொழிற்கல்வி படிக்கலாம், அது 2017இல் வந்தது, தெரிவுசெய்த சில பாடசாலைகளில் மட்டும்தான். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் வாகனத் தொழினுட்பம் படித்தவன். என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் நாலாம் மட்டம் எடுத்தால் கைத்தொழில் தெரிந்தவன் என்று சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமன். அந்த வழியிலும் பட்டம் வரைக்கும் போகலாம் என்பதை எனக்கு ஒன்பதாம் தரத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை, அக்கா. டொக்டர் கதைக்கும் ஒரு வார்த்தை: பல்கலைக்கழக அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பிள்ளை கொழும்போடு மட்டும் இல்லை, பக்கத்து மேசையில் இருக்கிற பிள்ளையோடும் இசட் புள்ளிக்கு, அதாவது அனுமதிக்குப் பார்க்கிற ஏ.எல் புள்ளிக்கு, போட்டி போட வேண்டும், அதை விருப்பமில்லாத பிள்ளையால் செய்ய ஏலாது.

ஐ.சி.ரி போடமுன்னம் ஒன்று பாருங்கள்: பாடசாலையில் கணினி அறை திறந்திருக்கிறதா, நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று. சில இடங்களில் கொப்பியில்தான் கணினி. அப்படியானால் விவசாயமோ சுகாதாரமோ திறம்.

மருதனார்மடம் மாணவி:
நான் இங்கே நுண்கலை வளாகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிறேன். அக்கா, சித்திரம் என்றால் ஆசிரிய வேலை மட்டும் இல்லை. மொறட்டுவையில் கட்டடக்கலைக்கு ஏ.எல் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் வைக்கிறார்கள், வரைகிற கை அங்கே உதவும், ஆனால் கணிதத்தையும் விட்டுவிட ஏலாது. தேர்ச் சில்லின் ஆரக்காலைச் சமமாகப் பிரித்து வரைகிற பிள்ளைக்குக் கேத்திரகணிதம் வராது என்று நான் நம்பமாட்டேன்! தங்கச்சியின் கணித விடைத்தாளை எடுத்துப் பாருங்கள், எந்தக் கணக்கில் புள்ளி போயிருக்கு?

கொக்குவில் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இவருக்கு வாத்தியாரின் பதிலை வாசித்துக் காட்டினேன், படிவத்தைப் பிறகும் ஒருக்கால் பார்த்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் தேத்தண்ணி கேட்டார். விடைத்தாளைப் பார்த்தேன், மருதனார்மடத் தங்கச்சி சொன்னது உண்மைதான், கோணங்கள் எல்லாம் சரி. பின்னமும், சய (கழித்தல்) அடையாளம் வருகிற இடங்களும், அடைப்பை நீக்குகிற கணக்குகளும்தான் பிழை. பெரிய கணக்கில் வழி சரியாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் அடையாளத்தை மாற்றியிருக்கிறாள். இதற்குப் பெரிய ரியூட்டறியில் விடவா? ஓ.எல் பழைய வினாத்தாள்கள் வாங்கவா?

சுன்னாகம் வாத்தியார் (ஓய்வு):
இரண்டும் இப்போது வேண்டாம். நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் உங்கள் பிள்ளையின் சய அடையாளத்தை யார் பார்ப்பார்கள்? பழைய தாளை இப்போதே கையில் கொடுத்தால் படிக்காத பாடமும் கலந்து வரும், பிள்ளை பயந்துவிடும். ஏழாம், எட்டாம் தரக் கணிதப் பாடநூலை எடுங்கள், வீட்டில் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் தமிழில் இலவசமாக இருக்கு. திசைகொண்ட எண்கள், பின்னங்கள், அட்சரகணிதக் கோவைகள், இந்த மூன்று அலகின் பயிற்சிகளை மட்டும் விடுமுறையில் செய்யட்டும், ஒவ்வொரு வரியையும் எழுதி, மனதால் தாவாமல். நீங்கள் கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்து வரிவரியாகத் திரும்பப் பார்க்க வைத்து, எந்த வரியில் அடையாளம் மாறியது என்று அவளையே சிவப்புப் பேனாவால் வட்டம் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் நாலைந்து பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பிக்கிற ஒருவரைத் தேடலாம். மச்சாள் அனுப்புகிற காசில் நல்ல நீர்வர்ணப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள், கேட்டால் விஞ்ஞானப் படம் கீற என்று சொல்லலாம்.