பிளாப்பி டிரைவ் ஒரு நேரம் படிக்கிறது, ஒரு நேரம் மாட்டேன் என்கிறது. யாராவது உதவுங்கள்

கேள்வி

2002-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் போட்டால், நம்ப முடியவில்லை, பூட் ஆகிவிட்டது. தகராறு பிளாப்பி டிரைவில்தான். எங்கள் குலதெய்வக் கோயில் பங்காளிகளின் வம்சாவளியையும் தலைக்கட்டு வரிக் கணக்கையும் அப்பா 22 பிளாப்பிகளில் (மூன்றரை அங்குலம், 1.44 எம்பி) ஏற்றி வைத்திருந்தார். அடுத்த மாதம் கும்பாபிஷேகம். யார் எந்த வகையறா என்று இப்போதே பேச்சு தடிக்கிறது. அப்பா இன்று இல்லை. அவர் எழுதியது என்றால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள்.

முதல் இரண்டு டிஸ்க்கும் நன்றாகத் திறந்தன. மூன்றாவதைப் போட்டதும் கரகரவென்று உரசல் சத்தம். 'டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யலாமா' என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் முதலில் திறந்த இரண்டும்கூடப் பல நேரம் திறப்பதில்லை. டிரைவ் போய்விட்டதா?

பதில் 1

யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிச் சொருகி வேலையை முடியுங்கள். பழசோடு எதற்கு மல்லுக்கட்டு?

பதில் 2

தம்பி, டிரைவ் போகவில்லை, அழுக்காகியிருக்கிறது. பத்து வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன், சொல்கிறேன். மூன்றாவது டிஸ்க்கின் உலோக மூடியை விரலால் தள்ளி, பின்பக்க வட்டத்தைச் சுற்றிக்கொண்டே வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ சாம்பல் படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அது டிரைவுக்குள் டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டால் அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். அதனால் சுத்தம் செய்கிறவரை எதையும் உள்ளே போடாதீர்கள். 22-யும் இதே மாதிரி பார்த்து, பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் மூலையில் இருக்கிற சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, ஓட்டை திறந்திருக்கும்படி செய்யுங்கள். ஓட்டை தெரிந்தால் டிரைவால் அதில் எழுத முடியாது.

அப்புறம் ஹெட். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவம் கிடைக்கும். பவரை எடுத்துவிட்டு டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தால் கீழே ஒரு ஹெட், அதன்மேல் ஒரு ஹெட் இருக்கும். பஞ்சுக் குச்சியை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். மேல் ஹெட்டை ரொம்பத் தூக்காதீர்கள், அது மெல்லிய தகட்டில் தொங்குகிறது, வளைந்தால் கதை முடிந்தது. ஆனால் அதை விட்டுவிடவும் கூடாது. டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டமான டிராக்குகளில் பதிவாகும். ஃபைல் பட்டியல் வெளி ஓர டிராக்கின் மேல் பக்கத்தில் இருக்கிறது. மேல் ஹெட் அழுக்கென்றால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் டிஸ்க்கே காலி என்பது போலத் தோன்றும்.

கேட்டவர்

நன்றி அண்ணா. மூன்று டிஸ்க்கில் பூஞ்சை இருந்தது. ஹெட்டைத் துடைத்தபோது குச்சி கறுப்பாக வந்தது. ஆனால் திரும்ப மாட்டியதும் டிரைவின் பச்சை விளக்கு அணையவே இல்லை!

பதில் 2

கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். கேபிள் ஓரத்துச் சிவப்புக் கோடு, டிரைவின் ஒன்றாம் எண் ஊசி இருக்கும் பக்கம் வரவேண்டும். விளக்கு அணையாமல் எரியும்போது டிஸ்க்கைப் போட்டால் அழிந்துகூடப் போகலாம். தாழ்ப்பாளைத் தள்ளச் சொன்னது இதற்கும்தான். நடுவில் சில ஒயர்கள் முறுக்கியிருக்கும் பாருங்கள், அந்த முறுக்கைத் தாண்டிய முனைதான் டிரைவுக்கு.

கேட்டவர்

சரியாகிவிட்டது. முதல் டிஸ்க் திறந்தது. ஆனால் இரண்டாவதைப் போட்டாலும் முதல் டிஸ்க்கின் பட்டியலே வருகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பதில் 3

அந்தப் பேய் 34-ஆம் ஒயரில் இருக்கிறது. டிஸ்க் மாறியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த ஒயர்தான். சிவப்புக் கோட்டுக்கு எதிர் ஓரம். கழற்றி மாட்டும்போது ஓரம் கிழிந்திருக்கும். வேறு கேபிள் போடுங்கள். பட்டியல் பொய்யாக இருக்கும்போது ஏதாவது எழுதியிருந்தால் இரண்டாவது டிஸ்க் நாசமாகியிருக்கும், தாழ்ப்பாள் காப்பாற்றியது.

கேட்டவர்

ஆமாம், ஓரம் நைந்திருந்தது. பழைய சாமான் கடையில் வேறு கேபிள் கிடைத்தது. நல்ல 19-ல் 17 முழுசாக நகலாகிவிட்டன. இரண்டில் பாதியில் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று படிப்பதில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. முதல் பதிலைப் பார்த்து யூஎஸ்பி டிரைவும் ஆர்டர் செய்திருந்தேன், அது இந்த 19-ல் ஆறைத்தான் படிக்கிறது. புதுசு இப்படி இருக்கலாமா?

பதில் 2

புதுசு மேல் தப்பில்லை. அப்பாவின் டிரைவில் ஹெட் கொஞ்சம் விலகியிருக்கும். அது எழுதியதை அதுவே நன்றாகப் படிக்கும், வேறு டிரைவுக்கு டிராக் தள்ளித் தெரியும். இதனால்தான் பழைய டிரைவைத் தூக்கிப்போடக் கூடாது என்பது.

பதில் 3

அந்த இரண்டுக்கும் லினக்ஸ் சிடியில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டுங்கள். எக்ஸ்பி ஒரு செக்டர் (டிராக்கின் ஒரு சிறு துண்டு) கெட்டாலும் அந்த ஃபைலையே விட்டுவிடும். இது மொத்தம் 2,880 செக்டரில் வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, வராததை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். நடுவில் டிஸ்க்கை வெளியே எடுத்துப் போட்டாலும் சில செக்டர் கூடுதலாக வரும்.

கேட்டவர்

இரண்டும் வந்துவிட்டன, ஒன்றில் நாலு செக்டர் மட்டும் போச்சு. ஆனால் ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக இருக்கிறது.

பதில் 1

அரைப்புள்ளி நிறைய இருந்தால் பாமினி எழுத்துரு. மெய்யெழுத்தின் புள்ளி அதில் அப்படித்தான் பதிவாகும். இணையத்தில் பாமினி–யூனிகோட் மாற்றி இருக்கிறது, ஒட்டிப் பாருங்கள். (யூஎஸ்பி யோசனைக்கு மன்னிக்கவும்.)

கேட்டவர்

வந்துவிட்டது! தாத்தாவின் தாத்தா பெயர்வரை இருக்கிறது. பூஞ்சை பிடித்த மூன்றில்தான் சித்தப்பா வகையறா மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை என்ன செய்வது?

பதில் 2

அதைக் கடைசியாகச் செய்யுங்கள். உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் வட்டைக் காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அலசி, தேய்க்காமல் நிழலில் உலர்த்தி, வேண்டாத ஒரு டிஸ்க்கின் உறைக்குள் மாற்றுங்கள். ஒன்றைப் படித்ததும் ஹெட்டைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது.

கேட்டவர்

உலர்த்திக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.